கடின நீர்: வீட்டுப் பயன்பாடும் கையாளும் முறைகளும்

கடின நீர் என்பது கால்சியம், மக்னீசியம் ஆகிய தனிமங்களின் உப்புகள் மிகுதியாகக் கரைந்துள்ள நீர் ஆகும். இந்நீரில் சோப்பு எளிதில் நுரைப்பதில்லை. நீரைச் சூடாக்கும் பாத்திரங்களிலும் வாட்டர் ஹீட்டர்களிலும் வெள்ளைப் படிவு தங்குகிறது. குழாய், ஷவர், குளியலறை ஓடு ஆகியவற்றில் உப்புக்கறை படிகிறது. இவ்வுப்புகள் மிகக் குறைவாக உள்ள நீர் மென்னீர் எனப்படும்.

ஆழ்துளைக் கிணறுகளை நம்பியுள்ள வீடுகளில் கடின நீர் அன்றாடச் சிக்கலாக உள்ளது. ஆனால் கடினத்தன்மை, உவர்ப்பு, கலங்கல், கிருமி மாசு ஆகியவை வெவ்வேறு குறைகள். ஒன்றை நீக்கும் முறை மற்றொன்றை நீக்காமல் விடலாம். நீரில் எந்தக் குறை உள்ளது, எந்தப் பயன்பாட்டுக்கு அது தடையாக உள்ளது என்பதை அறிந்த பின்னரே தீர்வைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அறியாமல் கருவி வாங்கினால் பணமும் நீரும் வீணாகின்றன.

கடினத்தன்மை உண்டாகும் விதம்

மழைநீரில் கால்சியமும் மக்னீசியமும் ஏறக்குறைய இல்லை எனலாம். மழைநீர் காற்றிலிருந்தும் மண்ணிலிருந்தும் கார்பன் டை ஆக்சைடை ஏற்று மென்மையான கார்பானிக் அமிலமாக மாறுகிறது. இந்த நீர் சுண்ணாம்புக்கல் வழியாக இறங்கும்போது கல்லைச் சிறிது சிறிதாகக் கரைத்துக் கால்சியம் பைகார்பனேட்டாக எடுத்துச் செல்கிறது. டோலமைட் பாறையிலிருந்து மக்னீசியமும், ஜிப்சத்திலிருந்து கால்சியம் சல்பேட்டும் நீரில் சேர்கின்றன.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி நீர் மயோசீன் காலச் சுண்ணாம்புப் பாறையில் தேங்கியுள்ளது. அங்கு பெரிய ஆறுகள் இல்லாததால் மக்கள் கிணற்று நீரையே பெரிதும் பயன்படுத்துகின்றனர். எனவே கேத்தலின் அடியில் வெள்ளைப் படிவு காண்பது அங்கு வழக்கமானது. தமிழ்நாட்டில் அரியலூர், திருநெல்வேலி அருகிலுள்ள தாழையூத்து போன்ற இடங்களில் சுண்ணாம்புக்கல் படிவுகள் உள்ளன. ஆனால் மாநிலத்தின் பெரும்பகுதி கடினப் பாறைப் பகுதியாகும். அங்கு பாறை வெடிப்புகளில் நீண்ட காலம் தங்கும் நீர், பாறைக் கனிமங்களுடன் வினைபுரிந்து கடினமாகிறது. ஆகவே சுண்ணாம்புக்கல் இல்லாத ஊரிலும் போர் தண்ணீர் கடினமாக இருக்கலாம். ஒரே தெருவில் இரண்டு கிணறுகளின் நீர் வேறுபடுவதும், கோடையில் கடினத்தன்மை கூடி மழைக்குப் பின் குறைவதும் இயல்பு.

வகைகள்

தற்காலிகக் கடினத்தன்மை கால்சியம், மக்னீசியம் பைகார்பனேட்டுகளால் உண்டாகிறது. நீரைக் கொதிக்க வைத்தால் கால்சியம் பைகார்பனேட்டு சிதைந்து, கரையாத கால்சியம் கார்பனேட்டாகப் படிகிறது. பாத்திரத்தின் அடியில் காணப்படும் வெள்ளைப் படிவு இதுவே.

நிரந்தரக் கடினத்தன்மை இவ்விரு தனிமங்களின் சல்பேட்டு, குளோரைடு உப்புகளால் உண்டாகிறது. இது கொதிக்க வைப்பதால் நீங்குவதில்லை. பெரும்பாலான கிணற்று நீரில் இரண்டு வகையும் கலந்தே இருக்கும்.

அளவும் தரநிலையும்

நீரிலுள்ள கால்சியம், மக்னீசியம் இரண்டையும் கால்சியம் கார்பனேட்டுக்கு நிகரான அளவாக மாற்றி, லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் (மி.கி.) எனக் குறிப்பது வழக்கம். பரவலாகப் பயன்படும் வகைப்பாடு வருமாறு:

- 60 மி.கி. வரை: மென்னீர்
- 61 முதல் 120 மி.கி. வரை: மிதமான கடின நீர்
- 121 முதல் 180 மி.கி. வரை: கடின நீர்
- 180 மி.கி.க்கு மேல்: மிகு கடின நீர்

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரநிலையான ஐ.எஸ். 10500 (2012), மொத்தக் கடினத்தன்மைக்கு 200 மி.கி.யை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீர் ஆதாரம் இல்லாத இடங்களில் 600 மி.கி.யை உச்ச அளவாகவும் குறிக்கிறது. துணி துவைக்கும் இயந்திரம், பாத்திரம் கழுவும் இயந்திரம் ஆகியவற்றின் கையேடுகளில் வேறு அலகுகள் இருக்கலாம். ஒரு ஜெர்மன் பாகை 17.8 மி.கி.க்கும், ஒரு பிரெஞ்சுப் பாகை 10 மி.கி.க்கும் சமம்.

கடின நீரும் உவர் நீரும்

பேச்சு வழக்கில் இரண்டுமே "உப்புத் தண்ணீர்" என்று சொல்லப்படுவதால் குழப்பம் நேர்கிறது. உவர்ப்புக்கு முதன்மைக் காரணம் சோடியம் குளோரைடு, அதாவது சமையல் உப்பு. கடினத்தன்மைக்குக் காரணம் கால்சியமும் மக்னீசியமும். சுவையில் நன்றாக இருக்கும் நீரும் மிகக் கடினமாக இருக்கலாம். மென்மையாக்கும் கருவியான வாட்டர் சாஃப்ட்னர், உவர் நீரை நல்ல தண்ணீராக மாற்றாது. அது கால்சியத்தையும் மக்னீசியத்தையும் நீக்கி, அவற்றுக்கு ஈடாகச் சோடியத்தை நீரில் விடுகிறது.

கண்டறியும் முறைகள்

சோப்புச் சோதனை: மூடியுள்ள கண்ணாடிப் புட்டியில் பாதியளவு நீர் எடுத்து, சிறிது குளியல் சோப்பைச் சீவிப் போட்டுக் குலுக்க வேண்டும். மற்றொரு புட்டியில் மழைநீரை எடுத்து அதே அளவு சோப்பு சேர்த்து ஒப்பிட வேண்டும். கடின நீரில் நுரை குறைந்து, நீர் பால்போல் கலங்கி, மேலே வெண்மையான ஆடை மிதக்கும். அதே நீரைப் பத்து நிமிடம் கொதிக்க வைத்து, ஆறித் தெளிந்த பின் மீண்டும் சோதிக்கலாம். அப்போது நன்றாக நுரைத்தால் பெரும்பகுதி தற்காலிகக் கடினத்தன்மை என்று கொள்ளலாம். டிடர்ஜென்ட் தூளும் ஷாம்பூவும் கடின நீரிலும் நுரைக்கும் என்பதால் அவை இச்சோதனைக்கு உதவா.

ஆய்வகச் சோதனை: ஈ.டி.டி.ஏ. என்னும் வேதிப்பொருளைக் கொண்டு தரம்பார்த்தல் முறையில் கடினத்தன்மை அளக்கப்படுகிறது. எரியோகுரோம் பிளாக் டி என்னும் நிறங்காட்டி சேர்த்த நீர் ஒயின் சிவப்பிலிருந்து நீலமாக மாறும் புள்ளி கணக்கிடப்படும். கடைகளில் கிடைக்கும் துளி எண்ணும் சோதனைப் பெட்டிகளும் இம்முறையில் இயங்குகின்றன. தமிழ்நாட்டில் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்களில் பொதுமக்கள் கட்டணம் செலுத்தி நீரைச் சோதித்துக்கொள்ளலாம். புளோரைடு, நைட்ரேட் ஆகியவை கடினத்தன்மையைவிட உடல்நலத்துக்கு முக்கியமானவை. சோப்புச் சோதனையில் அவை தெரியாது. ஆகவே புதிய ஆழ்துளைக் கிணற்று நீரை ஒருமுறையேனும் ஆய்வகத்தில் சோதிப்பது நல்லது.

டி.டி.எஸ். மீட்டர்: இது நீரின் மின்கடத்துதிறனை அளந்து, கரைந்துள்ள மொத்த உப்புகளை மதிப்பிட்டுக் காட்டும். அந்த உப்பு கால்சியமா, சோடியமா என்று அதனால் பிரித்தறிய முடியாது. சாஃப்ட்னரில் சென்று வந்த நீரின் டி.டி.எஸ். ஏறக்குறைய மாறாது என்பதால், கருவி வேலை செய்யவில்லை என்று தவறாக முடிவு செய்ய வாய்ப்புண்டு.

மின்பகுப்புக் காட்சி: கருவி விற்பனையில் சில நேரம் இரண்டு குவளை நீரில் மின்முனைகளைச் செருகிக் காட்டுவதுண்டு. வீட்டு நீர் பழுப்பாகவும் கறுப்பாகவும் மாறும். எதிர் சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) கருவியின் நீர் தெளிவாக இருக்கும். நிறம் நீரிலுள்ள அழுக்கினால் வருவதில்லை. உப்பு கரைந்த நீர் மின்சாரத்தைக் கடத்துவதால் இரும்பு மின்முனை அரிக்கப்பட்டு அதன் துருவே நீரில் கலக்கிறது. ஆர்.ஓ. நீரில் உப்பு மிகக் குறைவு என்பதால் மின்சாரம் பாய்வதில்லை, நிறமும் மாறுவதில்லை. அந்த ஆர்.ஓ. நீரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைச் சேர்த்தால் அதுவும் பழுப்பாகும். இக்காட்சி நீரின் தூய்மைக்கோ கடினத்தன்மைக்கோ சான்றாகாது.

வீட்டில் ஏற்படும் விளைவுகள்

சோப்பு வீணாதல்: சோப்பு என்பது கொழுப்பு அமிலத்தின் சோடியம் உப்பு. கடின நீரில் கால்சியம் அதனுடன் சேர்ந்து கரையாத வெண்கழிவாக மாறுகிறது. கால்சியம் முழுவதும் இவ்வாறு தீர்ந்த பின்னரே நுரை வரும். 300 மி.கி. கடினத்தன்மையுள்ள 20 லிட்டர் நீரில், அதாவது ஒரு பெரிய வாளியில், சோடியம் ஸ்டியரேட்டுக் கணக்கில் ஏறத்தாழ 35 கிராம் சோப்பு அழுக்கை நீக்காமலேயே வீணாகிறது. இக்கழிவு துணியில் தங்குவதால் வெள்ளைத் துணி பழுப்பேறுகிறது, துண்டு முரடாகிறது.

சமையல்: பருப்பு, கொண்டைக்கடலை போன்றவற்றின் செல்களை இணைத்திருக்கும் பெக்டின் என்னும் பொருளைக் கால்சியம் இறுக்குகிறது. போர் தண்ணீரில் பருப்பு வேகாது என்று கூறப்படுவதற்குக் காரணம் இதுவே. தேநீரின் மேல் மெல்லிய ஆடை படிவதும் கடின நீரின் விளைவாகும்.

கருவிகள்: பெரும்பாலான உப்புகள் வெந்நீரில் மிகுதியாகக் கரையும். கால்சியம் கார்பனேட்டு இதற்கு மாறாக, சூடு ஏற ஏறக் குறைவாகவே கரைகிறது. எனவே நீரின் மிகச் சூடான இடமான வெப்பச் சுருளின் மீதே படிவு தங்குகிறது. படிவு வெப்பத்தை எளிதில் கடத்தாது. இதனால் நீர் சூடாக நேரம் பிடிக்கிறது, சுருள் மிகையாகச் சூடேறி விரைவில் பழுதாகிறது. ஹீட்டரின் வெப்பநிலையைத் தேவைக்கு மேல் உயர்த்தாமல் 50 முதல் 55 பாகை செல்சியசு அளவில் வைத்தால் படிவு குறையும்.

உடல்நலம்

கடினத்தன்மைக்கு உடல்நலம் சார்ந்த உச்ச வரம்பு எதையும் உலக சுகாதார நிறுவனம் விதிக்கவில்லை. கால்சியமும் மக்னீசியமும் உடலுக்குத் தேவையான தாதுக்களாகும். சுவை, படிவு ஆகியவை கருதியே கடினத்தன்மைக்கு வரம்புகள் வைக்கப்படுகின்றன. மக்னீசியம் சல்பேட்டு மிகுந்த நீர், அதற்குப் பழகாதவர்களுக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கலாம்.

கடின நீர் குடித்தால் சிறுநீரகக் கல் வரும் என்ற அச்சம் பரவலாக உள்ளது. குடலில் உள்ள கால்சியம் ஆக்சலேட்டுடன் இணைந்து மலத்துடன் வெளியேறுவதால், சிறுநீரில் சேரும் ஆக்சலேட்டு குறைகிறது. போதிய நீர் அருந்தாமையே கல் உண்டாவதற்கான முக்கியக் காரணங்களுள் ஒன்று. கடின நீருக்கு அஞ்சியோ அதன் சுவை பிடிக்காமலோ குறைவாக நீர் அருந்துவது தீங்கானது. ஏற்கெனவே கல் உள்ளவர்கள் மருத்துவரின் அறிவுரைப்படி நடக்க வேண்டும்.

சோப்புக் கழிவு தோலில் தங்கி வறட்சியை மிகுவிக்கலாம். எனினும் இங்கிலாந்தில் கரப்பான் நோயுள்ள 336 குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2011இல் வெளியான ஆய்வில், வீட்டில் சாஃப்ட்னர் பொருத்தியதால் நோய் கூடுதலாகக் குறையவில்லை. தோல் நோய்க்கு மருந்தாக நினைத்து இக்கருவியை வாங்குவது பயன் தராது.

மென்மையாக்கும் முறைகள்

கொதிக்க வைத்தல்: தற்காலிகக் கடினத்தன்மையைக் குறைத்து, கிருமிகளையும் அழிக்கும். ஆறவிட்டுத் தெளிந்த நீரை அடிப்படிவு கலங்காமல் இறுத்துக்கொள்ள வேண்டும். எரிபொருள் செலவினால் இது குடிநீருக்கும் சமையலுக்கும் மட்டுமே ஏற்றது.

சுண்ணாம்பு சேர்த்தல்: இசுக்காட்லாந்து வேதியியலாளர் தாமசு கிளார்க் 1841இல் காப்புரிமை பெற்ற முறை. கணக்கிட்டுச் சேர்க்கப்படும் நீற்றிய சுண்ணாம்பு, பைகார்பனேட்டைக் கால்சியம் கார்பனேட்டாகப் படியச் செய்கிறது. அளவு மிகுந்தால் நீர் மீண்டும் கடினமாகும். எனவே இது நகர நீர் நிலையங்களுக்கு உரியது, வீட்டுக்கு ஏற்றதன்று.

சலவைச் சோடா: சோடியம் கார்பனேட்டு இரண்டு வகைக் கடினத்தன்மையையும் நீக்கும். மேலே கூறிய 20 லிட்டர் நீருக்கு நீரற்ற சோடாத் தூள் 6 முதல் 7 கிராம் போதும். அதைக் கரைத்துச் சிறிது நேரம் விட்டபின் சோப்பு போட்டால் 35 கிராம் சோப்பு மிச்சமாகும். இது துணி துவைக்க மட்டுமே உரியது. பட்டு, கம்பளித் துணிகளுக்கும் அலுமினியப் பாத்திரங்களுக்கும் கூடாது.

அயனிப் பரிமாற்றம்: 1905இல் ஜெர்மனியில் இராபர்ட் கான்சு சியோலைட்டுகளைக் கொண்டு இம்முறையில் நீரை மென்மையாக்கினார். 1935இல் இங்கிலாந்தில் ஆடம்சு, ஹோம்சு ஆகியோர் செயற்கைப் பிசின்களை உருவாக்கினர். வீட்டு சாஃப்ட்னரில் உள்ள பிசின் மணிகள் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுகின்றன. மணிகள் நிறைவுற்றதும் உப்புக் கரைசல் செலுத்திப் புதுப்பிக்க வேண்டும்.

கருவியின் அளவை எளிதாகக் கணக்கிடலாம். கடினத்தன்மை 500 மி.கி., நாள்தோறும் மென்மையாக்க வேண்டிய நீர் 500 லிட்டர் என்றால், ஒரு நாளுக்கு 250 கிராம் கடினத்தன்மையை நீக்க வேண்டும். ஒரு லிட்டர் பிசின் ஒரு சுற்றில் ஏறத்தாழ 50 கிராமை ஏற்கும். 25 லிட்டர் பிசின் இருந்தால் ஐந்து நாளுக்கு ஒருமுறை, சுமார் 3 கிலோ உப்பு கொண்டு புதுப்பிக்க நேரும். இந்த உப்புச் செலவு கருவியின் விலையோடு சேர்த்து எண்ணப்பட வேண்டியது.

இம்முறையில் நீக்கப்படும் ஒவ்வொரு 100 மி.கி. கடினத்தன்மைக்கும் 46 மி.கி. சோடியம் நீரில் சேர்கிறது. மேற்கண்ட நீரில் லிட்டருக்கு 230 மி.கி. சோடியம் கூடும். ஆகவே குடிக்கவும், குழந்தைகளுக்குப் பால்மாவு கரைக்கவும், செடிகளுக்கு ஊற்றவும் மென்மையாக்கப்பட்ட நீரைப் பயன்படுத்தாமல், அடுக்களைக் குழாயைத் தனியாக விட்டுவிடுவது நல்லது. புதுப்பிக்கும்போது வெளிவரும் உப்புக் கழிவை மழைநீர்க் குழியிலோ தோட்டத்திலோ விட்டால், நிலத்தடி நீரே உவராகும்.

எதிர் சவ்வூடு பரவல்: கடினத்தன்மை, உவர்ப்பு, புளோரைடு, நைட்ரேட் ஆகிய அனைத்தையும் குறைக்கும். ஆனால் வழக்கமான வீட்டுக் கருவி ஒரு லிட்டர் நல்ல நீருக்கு இரண்டு முதல் மூன்று லிட்டர் நீரைக் கழிவாக வெளியேற்றுகிறது. கடின நீரில் அதன் சவ்வு விரைவில் அடைபடும். டி.டி.எஸ். லிட்டருக்கு 500 மி.கி.க்குக் குறைவாக உள்ள இடங்களில் இக்கருவிகளைத் தடுக்கும் விதிகளை வகுக்குமாறு 2019இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. உவர்ப்போ புளோரைடோ இல்லாமல் கடினத்தன்மை மட்டும் மிதமாக உள்ள நீருக்கு ஆர்.ஓ. தேவையில்லை. கழிவு நீரைத் தரை துடைக்கவும் கழிவறைக்கும் பயன்படுத்தலாம்.

பாலிபாஸ்பேட் வடிப்பான்: துணி துவைக்கும் இயந்திரம், ஹீட்டர் ஆகியவற்றின் நுழைவுக் குழாயில் பொருத்தப்படுவது. இது கடினத்தன்மையை நீக்குவதில்லை. படிவு ஒட்டுவதை மட்டுமே குறைக்கும். மிகச் சூடான நீரில் இதன் பயன் குறையும்.

காந்தக் கருவிகள்: குழாயின் மேல் பொருத்தப்படும் காந்த, மின்னணுக் கருவிகள் கால்சியத்தை நீரிலிருந்து நீக்குவதில்லை. படிவைக் குறைக்கின்றனவா என்பதில் ஆய்வு முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன.

தேற்றாங்கொட்டை: மண்பானையின் உட்புறத்தில் இதை உரைத்து நீரைத் தெளிய வைப்பது பழைய வழக்கம். இது மிதக்கும் கலங்கலைப் படியச் செய்யும். கரைந்துள்ள உப்பின் கடினத்தன்மைக்கு இது தீர்வன்று.

படிவை நீக்குதல்

சுண்ணாம்புப் படிவு அமிலத்தில் கரையும். வினிகர் அல்லது மளிகைக் கடைகளில் கிடைக்கும் சிட்ரிக் அமிலம் போதுமானது. ஒரு லிட்டர் நீரில் ஒரு மேசைக்கரண்டி சிட்ரிக் அமிலத்தைக் கரைத்துக் கேத்தலில் ஊற்றி, சூடாக்கி, அரை மணி நேரம் விட்டுக் கழுவலாம். ஷவர் முகப்பைக் கழற்றி அதே கரைசலில் ஊறவைக்கலாம். குழாயைப் பயன்படுத்தியதும் துணியால் துடைத்துவிட்டால் கறை படிவதே குறையும்.

ஹைட்ரோகுளோரிக் அமிலம் கலந்த கழிவறைத் திரவங்கள் குழாயின் பளபளப்பையும் ஓடுகளின் இடைப்பூச்சையும் அரிக்கும். கடப்பாக் கல், பளிங்கு ஆகியவை சுண்ணாம்பு சார்ந்த கற்கள் என்பதால் எலுமிச்சைச் சாறும் அவற்றைக் கெடுக்கும். எந்த அமிலத்தையும் பிளீச்சிங் பவுடருடனோ பிளீச் திரவத்துடனோ சேர்க்கக் கூடாது. நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு வெளியாகும்.

மழைநீர்

வீட்டுக்குக் கிடைக்கும் நீரில் மிக மென்மையானது மழைநீரே. தமிழ்நாட்டில் 2003 முதல் அனைத்துக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. கூரை நீரைக் கிணற்றுக்கு அருகில் நிலத்தில் இறக்கினால் காலப்போக்கில் அந்நீரின் உப்பு நீர்த்துப்போகும். தனித்தொட்டியில் பிடித்த மழைநீர், பருப்பு வேகவைக்கவும் தலைக்குக் குளிக்கவும் துணி அலசவும் உதவும். முதல் மழையின் நீரை வெளியேற்றிவிட வேண்டும். குடிப்பதாயின் வடிகட்டிக் காய்ச்ச வேண்டும்.

பயன்பாட்டுக்கேற்ற தீர்வு

- குடிநீர்: ஆய்வக முடிவில் அனைத்து அளவுகளும் தரநிலைக்குள் இருந்தால் காய்ச்சிய நீர் போதும். உவர்ப்பு அல்லது புளோரைடு மிகுந்தால் ஆர்.ஓ.
- சமையல்: பருப்புக்கு மழைநீர் அல்லது ஆற்றுக் குடிநீர்.
- துணி: சோப்புக்குப் பதில் டிடர்ஜென்ட், அல்லது சோப்புக்கு முன் சலவைச் சோடா.
- குளியல்: சீயக்காய், ஷாம்பூ ஆகியவை சோப்பைப் போல வெண்கழிவை உண்டாக்குவதில்லை. கடைசியாக ஒரு குவளை மென்னீரால் அலசினால் போதும்.
- ஹீட்டர்: குறைந்த வெப்பநிலை, ஆண்டுக்கொருமுறை படிவு நீக்கம்.
- வீடு முழுவதும் சாஃப்ட்னர்: மேற்கண்டவை போதாத அளவு கடினத்தன்மை மிகுந்த இடங்களில் மட்டும், உப்புக் கழிவை வெளியேற்றத் தகுந்த வழி இருந்தால்.

இவற்றுள் பெரும்பாலானவற்றுக்குப் பெரிய கருவி எதுவும் தேவைப்படுவதில்லை. ஒருமுறை செய்யும் ஆய்வகச் சோதனை, தேவையற்ற செலவுகள் பலவற்றைத் தவிர்க்கும்.